வொனொகிரிப் பக்கம் மனைவியின் ஊரில் நிலம் வாங்கிக் குடியேறலாமா?

கேட்டவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, இந்தியக் குடியுரிமை. மனைவி இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில், வொனொகிரி மாவட்டத்தின் தென்கோடியில் ஒரு சிற்றூர்க்காரர். நான்கு வருடத்துக்கு முன் சிங்கப்பூரில் கல்யாணம். மாமனார் இல்லை, மாமியார் ஊரில் தனியாக இருக்கிறார். ஒரு பழைய மர வீடு, அதைச் சுற்றி 1,500 சதுர மீட்டர் மேட்டு நிலம். அதை ஒட்டிய துண்டு விலைக்கு வந்திருக்கிறது, கொஞ்சம் தள்ளி ஒரு வயலும் வருகிறது. பாத்தாமில் இருக்கும் நண்பர் ஒருவர், "மச்சான் பெயரில் போட்டுவிடு, ஒரு பிரச்சினையும் இல்லை" என்கிறார். வாங்கலாமா, விலை ஏறுமா, அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தம்பி கேட்கிறார்.

நான் ஒன்பது வருடமாக இதே மாவட்டத்தில், அவர் சொல்லும் இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே, என் மனைவியின் ஊரில் இருக்கிறேன். நிலம் வாங்கியிருக்கிறேன், ஒரு முறை முன்பணத்தை இழந்தும் இருக்கிறேன். அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சுருக்கமாக. அங்கே போய் இருக்கப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். விலை ஏறும், பிறகு விற்கலாம் என்று வாங்காதீர்கள். மச்சான் பெயரில் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். வீடு கட்டுவதற்கு முன், மழையில்லாத மாதங்கள் முழுவதையும் ஒரு முறை அந்த ஊரில் இருந்து பாருங்கள். இதில் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வொனொகிரியின் தெற்கு, குனுங் செவு என்ற சுண்ணாம்புக் கல் நிலப்பரப்பைச் சேர்ந்தது. பெயருக்கு ஆயிரம் மலை என்று பொருள். மேற்கே குனுங்கிடுல், கிழக்கே பாச்சித்தான் வரை கவிழ்த்த கிண்ணங்களைப் போலக் குன்றுகள் வரிசையாக இருக்கும். 2015-இல் யுனெஸ்கோ இதை உலகப் புவிப்பூங்காவாக அறிவித்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பெய்கிற மழை எல்லாம் கல்லின் ஓட்டை வழியே கீழே போய்விடும். பூமிக்கு அடியில் ஆறு ஓடுகிறது, மேலே கிணறு இல்லை. வீட்டுக்கு வீடு கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சிமென்ட் தொட்டி இருக்கும். ஊருக்கு ஒன்று இரண்டு குளங்கள் இருக்கும், தெலாகா என்பார்கள். ஏப்ரல், மே வாக்கில் மழை நின்றால் ஆகஸ்டில் தொட்டி காலி, குளமும் சேறு.

என் மனைவியின் சித்தி வீடு பராங்குபித்தோ பக்கம். ஒரு செப்டம்பரில் அங்கே பத்து நாள் இருந்தேன். தண்ணீர் லாரி வருகிறது என்று யாரோ சொன்னதும் சித்தி கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். லாரி மேடேற முடியாமல் கீழேயே நின்றுவிட்டது. நான்கு வீட்டுக் குழாய்களை ஒன்றோடு ஒன்று இணைத்து, இணைப்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி, மேலே இழுத்து வந்தார்கள். லாரிக்கு ஐயாயிரம் லிட்டர் சொச்சம், அதை மூன்று வீடு பங்கு போட்டுக்கொண்டது. காலித் தொட்டியின் அடியில் முதல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். அன்று இரவு அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்குப் போனது. பாத்திரம் கழுவிய தண்ணீர் மிளகாய்ச் செடிக்குப் போனது. நான் காலையில் பல் துலக்க எத்தனை கிண்ணம் எடுக்கிறேன் என்று சித்தி ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளிலிருந்து நானே ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

சில ஊர்களுக்கு இப்போது குழாய்த் தண்ணீர் வந்திருக்கிறது. ஊர்க் கமிட்டியே நடத்தும் சிறு குழாய்த் திட்டங்களும் இருக்கின்றன. உங்கள் மாமியார் ஊருக்கு வந்திருக்கிறதா, வந்திருந்தால் செப்டம்பரிலும் வருகிறதா என்று கேளுங்கள். நில விலையை விசாரிக்கும் முன் இதைக் கேட்க வேண்டும். லெபாரான், அதாவது நோன்புப் பெருநாள் விடுமுறைக்குப் போய் நான்கு நாள் பச்சைப் பசேல் என்று பார்த்துவிட்டு முடிவெடுத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இந்தோனேசியாவின் நிலச் சட்டம் 1960-இல் வந்தது, அந்த வருடத்தின் 5-ஆம் எண் சட்டம். முழு உரிமைக்கு ஹக் மிலிக் என்று பெயர். அதை இந்தோனேசியக் குடிமக்கள்தான் வைத்துக்கொள்ள முடியும். வெளிநாட்டவர் நேரடியாகவோ சுற்றி வளைத்தோ அந்த உரிமையைப் பெற ஒப்பந்தம் போட்டால், 26-ஆம் பிரிவின்படி அது செல்லாது. நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. மச்சான் பெயரில் போட்டுவிட்டு, அவரிடம் கடன் பத்திரமும் அதிகாரப் பத்திரமும் எழுதி வாங்கி வைக்கும் பழக்கம் பாலியிலும் லொம்போக்கிலும் நிறைய இருக்கிறது. வழக்கு என்று வந்தால் அந்தப் பத்திரங்களே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். மச்சான் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நிலம் அவர் மனைவி மக்களுக்குத்தான் போகும். அவர்களோடு நீங்கள் எந்தப் பேச்சும் பேசியிருக்க மாட்டீர்கள்.

அப்படியானால் மனைவி பெயரில் வாங்கலாமே என்றால், அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1974 திருமணச் சட்டத்தின் 35-ஆம் பிரிவுப்படி, கல்யாணத்துக்குப் பிறகு சேரும் சொத்து இருவருக்கும் பொது. பொது என்றால் அதில் உங்களுக்கும் பாதி. நீங்கள் வெளிநாட்டவர் என்பதால் உங்கள் மனைவியாலும் ஹக் மிலிக் வாங்க முடியாமல் போகிறது. தன் ஊரில், தன் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில், தன் சம்பாத்தியத்தில் கால் காணி வாங்க முடியாமல் தவித்த பெண்கள் எத்தனையோ பேர்.

இதற்கு வழி சொத்துப் பிரிவு ஒப்பந்தம். உன் சொத்து உனக்கு, என் சொத்து எனக்கு என்று நோத்தாரிஸ், அதாவது நோட்டரி முன் எழுதிப் பதிவு செய்வது. முன்பெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே செய்திருந்தால்தான் உண்டு. 2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. 69/பேயூயூ-13/2015 என்று வழக்கு எண்ணைச் சொன்னால் எந்த நோத்தாரிஸுக்கும் தெரியும். அதன் பிறகு கல்யாணம் ஆன பின்னும் செய்துகொள்ளலாம். ஆகவே உங்களுக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் சிங்கப்பூர்க் கல்யாணத்தை இந்தோனேசியப் பதிவகத்தில் பதிய வேண்டும், அடுத்து ஒப்பந்தம், கடைசியாக நிலம். ஊருக்குத் திரும்பி ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

மாமியாரின் வீடும் 1,500 மீட்டரும் வேறு கணக்கு. பெற்றோரிடமிருந்து பரம்பரையாகவோ அன்பளிப்பாகவோ வருவது மனைவியின் சொந்தச் சொத்து, பொதுச் சொத்தில் சேராது. அதனால் ஒட்டிய துண்டை வாங்குவதா வேண்டாமா என்பதை மெதுவாக யோசிக்கலாம், தாய் நிலத்துக்கு ஆபத்து இல்லை. இருந்தாலும் ஒன்றை இப்போதே மனதில் வையுங்கள். மனைவிக்கு ஏதாவது ஆகி நிலம் உங்களுக்கு வந்தால், ஒரு வருடத்துக்குள் அதை விற்கவோ, மாற்றவோ, வெளிநாட்டவருக்கு அனுமதிக்கப்பட்ட ஹக் பாக்காய் என்ற பயன்பாட்டு உரிமையாகக் குறைக்கவோ வேண்டும். பிள்ளைக்கு இரட்டைக் குடியுரிமை இருக்கும் வரை அந்தப் பிள்ளைக்கும் ஹக் மிலிக் கிடையாது. பேசச் சங்கடமான விஷயம்தான். நாங்கள் இதை ஒரு ராத்திரி உட்கார்ந்து பேசி, என் மனைவியின் அக்காவிடமும் சொல்லி, எழுதியும் வைத்திருக்கிறோம்.

ஹக் பாக்காய் முதலில் 30 வருடம், பிறகு 20, பிறகு 30 என்று கிடைக்கும். வெளிநாட்டவர் தம் பெயரில் வீடு வாங்கினால் மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள், அது சில நூறு கோடி ரூப்பியா. கிராமத்து வீட்டுக்கு அது பொருந்தாது, விடுங்கள்.

வயலைப் பற்றி என் கருத்து: வேண்டாம். 1961-இல் வந்த ஓர் அரசாணை இன்றும் நடப்பில் இருக்கிறது. விவசாய நிலம் வைத்திருப்பவர் அதே கெச்சாமத்தானில், அதாவது அதே வட்டாரத்தில், அல்லது போய்வந்து பயிர் செய்யக்கூடிய அடுத்த வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும். சிங்கப்பூரில் இருந்துகொண்டு உங்கள் மனைவி வயல் வாங்குவது அதற்குள் அடங்காது. தவிர, நெல் வயலைப் பாதுகாக்க 2009-இல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. பாதுகாக்கப்பட்ட வயல் என்று வரைபடத்தில் குறித்துவிட்டால் அதில் வீடு கட்ட முடியாது. "இப்போது வயலாக வாங்கு, பிறகு மேட்டு நிலமாக மாற்றித் தருகிறேன்" என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது காகிதம். ஊரில் ஒருவர் "என்னிடம் சூராத் இருக்கிறது" என்றால் அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். முதலாவது சான்றிதழ், நில அலுவலகமான பேபேஎன் கொடுத்தது. இதுதான் நிலம். இரண்டாவது கிரிக் அல்லது லெட்டர் சி, அதாவது கிராம அலுவலகத்தின் பழைய வரிப் பேரேட்டில் உள்ள பதிவு. மூன்றாவது வருடாந்தர நிலவரிச் சீட்டு. நம் ஊரில் வீட்டு வரி ரசீதைக் காட்டி வீடு என்னுடையது என்று சொல்வது எப்படியோ, இந்த மூன்றாவதைக் காட்டுவதும் அப்படித்தான்.

லெட்டர் சி புத்தகத்தை ஒரு முறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். எங்கள் ஊர்ப் புத்தகம் சாக்குத் துணியில் சுற்றி இரும்பு அலமாரியில் இருக்கிறது. எழுத்தர் இரு கையாலும் எடுத்து மேஜையில் வைத்தார். ஓரமெல்லாம் செல்லரித்து, மஞ்சளேறி, ஒரு பக்கத்தில் கிழவர் பெயர், அதை அடித்து மகன் பெயர், அதையும் அடித்துப் பென்சிலில் ஒரு குறிப்பு. அந்தப் பென்சில் குறிப்பை யார் எழுதினார்கள் என்று எழுத்தருக்கும் தெரியவில்லை. 2021-இல் வந்த 18-ஆம் எண் அரசாணைப்படி, இந்தப் பழைய பதிவுகளை ஐந்து வருடத்துக்குள் சான்றிதழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கெடு. அந்தக் கெடு 2026 பிப்ரவரி வரைதான். அதற்குப் பிறகு பழைய காகிதம் உரிமைக்கு ஆதாரமாகாது, நிலத்தைப் பதியும்போது ஒரு தடயமாக மட்டும் பயன்படும். 2017-இலிருந்து ஊர் ஊராக மொத்தமாக அளந்து சான்றிதழ் தரும் பேதேஎஸ்எல் திட்டம் நடக்கிறது. உங்கள் மாமியார் அதில் பதிந்தாரா என்று முதலில் கேளுங்கள். பதியவில்லை என்றால், ஒட்டிய துண்டை வாங்குவதை விட அந்தப் பணத்தில் மாமியார் நிலத்துக்குச் சான்றிதழ் எடுப்பதுதான் முதல் வேலை.

சான்றிதழ் இருந்தாலும் அது யார் பெயரில் என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் நான் மாட்டினேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு. விற்க வந்தவர் நல்ல மனிதர், மகளின் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்றார். சான்றிதழைக் காட்டினார், அவர் அப்பா பெயரில் இருந்தது. அப்பா போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம். "தம்பி தங்கைகள் எல்லாரும் சம்மதம்தான்" என்றார். நான் ஒன்றரைக் கோடி ரூப்பியா முன்பணம் கொடுத்தேன். வாரிசுகள் ஐந்து பேர். நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாமவர் களிமந்தானில் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார், வர மறுத்துவிட்டார். பணம் கல்யாணத்தில் செலவாகிவிட்டது. அவரிடம் போய்க் கேட்கும் நிலையில் நானும் இல்லை, கொடுக்கும் நிலையில் அவரும் இல்லை. இன்றைக்கும் எதிரில் பார்த்தால் தலைகுனிந்தே போகிறார். பணம் போனதைவிட அதுதான் எனக்கு வருத்தம்.

ஜாவாவில் பாகப் பிரிவினைக்கு ஒரு பழைய சொல் உண்டு: சபிக்குல் சகெண்டோங்ஙான். ஆணுக்குக் காவடியில் தூக்கும் இரண்டு சுமை, பெண்ணுக்கு முதுகில் கட்டித் தூக்கும் ஒரு சுமை. சில குடும்பங்கள் அப்படிப் பிரிக்கும், சில சமமாகப் பிரிக்கும், இஸ்லாமியச் சட்டப்படி பிரிப்பவர்களும் உண்டு. எந்தக் கணக்கானாலும் எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும். உங்களுக்கு மச்சான் ஒருவர் இருக்கிறார் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மாமியார் நன்றாக இருக்கும்போதே, மச்சானையும் உட்கார வைத்து, யாருக்கு எது என்று பேசி, பதிவும் செய்துவிடுங்கள். நீங்கள் செலவு செய்து வீட்டைப் புதுப்பித்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் கசப்புதான் மிஞ்சும்.

வாங்குவது என்று முடிவானால் நடைமுறை சுலபம். பேபேஆத்தே என்ற நிலப் பத்திர அதிகாரி சான்றிதழை நில அலுவலகத்தில் சரிபார்ப்பார். அதன் பிறகே கிரயப் பத்திரம். விற்பவருக்கு 2.5 சதவீதம் வரி. வாங்குபவருக்கு 5 சதவீதம், அதில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை விலக்கு உண்டு. பேபேஆத்தே கட்டணம் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வரியைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதலாம் என்பார்கள். செய்யாதீர்கள். கிராமத்துப் பொது நிலம், ஊர் அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக ஒதுக்கிய பெங்கோக் நிலம் இவற்றை யாராலும் உங்களுக்கு விற்க முடியாது. பக்கத்து யோக்யகர்த்தாவில் இப்படிப்பட்ட கிராமப் பொது நிலத்தில் வீடு கட்டி விற்ற விவகாரம் 2023-இல் நீதிமன்றம் வரை போய், ஊராட்சித் தலைவர் ஒருவருக்குச் சிறையும் கிடைத்தது.

விலை ஏறுமா? தெற்குக் கடலோர நெடுஞ்சாலை குனுங்கிடுலிலிருந்து வொனொகிரி வழியாகப் பாச்சித்தானுக்குப் போகிறது. அந்தச் சாலையை ஒட்டிய நிலமும், நம்பு போன்ற கடற்கரைகளுக்குப் போகும் வழியில் உள்ள நிலமும் ஏறியிருக்கின்றன. சாலையிலிருந்து இரண்டு குன்று உள்ளே போனால் கதை வேறு. பிராச்சிமந்தோரோ பக்கம் சிமென்ட் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் திட்டம் வந்து, தண்ணீர் ஊற்று போய்விடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். அந்த எதிர்ப்பு நியாயம் என்பதே என் எண்ணம். சுண்ணாம்புக் குன்றை வெட்டினால் அடியில் ஓடும் ஆறு எங்கே போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. உங்கள் ஊர் அந்த வரைபடத்துக்குள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் கிராமத்தில் நிலத்துக்குச் சந்தை என்று ஒன்று இல்லை. மாவட்டத்தில் பத்து லட்சம் பேர் என்று கணக்கு, ஆனால் உழைக்கும் வயதுக்காரர்களில் நிறைய பேர் ஜகார்த்தா போன்ற வெளியூர்களில் இருக்கிறார்கள். ஜாவாவின் பெரிய நகரங்களில் பக்சோ என்ற இறைச்சி உருண்டை சூப், மீ ஆயாம் என்ற கோழி நூடுல்ஸ் விற்க வண்டி தள்ளுபவரை "ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள், வொனொகிரி என்ற பதில் அடிக்கடி வரும். முதுகில் கூடை கட்டி மூலிகைச் சாறான ஜாமு விற்கும் பெண்களிலும் நிறைய பேர் இந்தப் பக்கத்தவர். கஜா முங்கூர் அணை கட்டியபோது 51 கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. 1970-களின் பிற்பாதியில் ஊர் ஊராகப் பெயர்த்துச் சுமத்ராவின் சித்தியுங்குக்குக் கொண்டு போனார்கள். பெடொல் டேசா, வேரோடு பிடுங்கப்பட்ட ஊர் என்று அதற்குப் பெயர். வெளியே போவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

போனவர்கள் சம்பாதித்து ஊரில் வீடு கட்டுகிறார்கள். டைல்ஸ், தூண், இரண்டு மாடி. வருடத்தில் பத்து நாள் லெபாரானுக்குத் திறக்கும், மற்ற நாள் கிழவியும் பேரனும் பின்கட்டில் இருப்பார்கள். இப்படிப்பட்ட வீட்டை யார் வாடகைக்கு எடுப்பார்? யார் வாங்குவார்? அவசரத்துக்கு ஒருவர் விற்கிறார், இன்னோர் உறவுக்காரர் வாங்குகிறார், அவ்வளவுதான். நீங்கள் போடும் கட்டுமானச் செலவில் பாதி கூட விலையாகத் திரும்பாது என்று எண்ணிக்கொண்டே கட்டுங்கள்.

ஆகவே புது வீடு கட்டாதீர்கள் என்பேன். அந்தப் பழைய மர வீடு லிமாசான் வகையாக இருக்கும். நடுவில் தேக்குத் தூண்கள், மேலே ஓடு. தரகர்கள் லாரியோடு வந்து, தூணைப் பார்த்துவிட்டு, மொத்தமாகப் பிரித்தெடுக்க விலை பேசுவார்கள். யோக்யகர்த்தாவிலும் பாலியிலும் அது உணவகம் ஆகிவிடும். கொடுக்காதீர்கள். 2006 மே 27 நிலநடுக்கத்தில் யோக்யகர்த்தாவிலும் கிளாத்தேனிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கம்பி இல்லாமல் கட்டிய செங்கல் சுவர்கள் அப்படியே சரிந்தன. நல்ல மரக்கூடு ஆடும், ஆனால் தாங்கும். கரையான் தின்ற தூண் காலை மட்டும் மாற்றி, தரை போட்டு, குளியலறை கட்டி, பெரிய மழைநீர்த் தொட்டி ஒன்று கட்டுங்கள். குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கும் சமதளம் வீட்டுக்கு வாகாகத் தெரியும், அங்கே மட்டும் எதையும் கட்டாதீர்கள். 2017 நவம்பரில் செம்பாக்கா புயல் மழை கொட்டியபோது அப்படிப்பட்ட பள்ளங்கள் ஏரியாகி நின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

நிலத்திலிருந்து வருமானம் கேட்டால், மரவள்ளி, மக்காச்சோளம், கடலை. மழை வந்தால் மேட்டு நெல். குரங்குக் கூட்டம் வந்தால் அதிலும் பாதி போகும். உண்மையான சேமிப்பு மரம்தான். தேக்கு, மகோகனி, செங்கோன். பிள்ளைக்குக் கல்யாணம், பேரனுக்குப் பள்ளிக்கூடம் என்று தேவை வரும்போது இரண்டு மரம் வெட்டுவார்கள். மொட்டையாகக் கிடந்த கல் குன்றுகளில் இவர்கள் நட்டு வளர்த்த காடு இது. பத்துவார்னோ வட்டாரத்தில் செலோபூரோ, சும்பெரெஜோ என்ற இரண்டு ஊர்களின் மக்கள் காடு 2004-இலேயே சூழல் சான்றிதழ் வாங்கியது. மேட்டு நிலத்தில் நீங்களும் தேக்கு நடுங்கள், உங்கள் மகள் வெட்டுவாள்.

சம்பளம் என்று பார்த்தால், 2025-இல் மாவட்டத்தின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் ஏறக்குறைய 21 லட்சத்து 80 ஆயிரம் ரூப்பியாவாக இருந்தது, ஜகார்த்தாவில் கிடைத்ததில் பாதி கூட இல்லை. ஊருக்குள் அந்தத் தொகையை மாதாமாதம் பார்ப்பவர்கள் குறைவு. வெளியிலிருந்து வரும் வருமானமோ இணைய வேலையோ இருந்தால்தான் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். மனைவியின் உத்தரவாதத்தில் தங்கும் அனுமதி கிடைக்கும், கல்யாணமாகி இரண்டு வருடம் ஆனவர்கள் நிரந்தர அனுமதிக்கே விண்ணப்பிக்கலாம்.

இனி வாழ்க்கை. எங்கள் ஊரில் வீட்டு வாசலில் ஒரு சின்ன மூங்கில் குழாய் தொங்கும். இரவு படுக்கும் முன் அதில் 500 ரூப்பியா நாணயம் ஒன்று போட வேண்டும். காவல் சுற்றும் ஆட்கள் நள்ளிரவில் டார்ச் அடித்து எடுத்துக்கொண்டு போவார்கள். ஜிம்பித்தான் என்று பெயர். முன்பு ஒரு பிடி அரிசி. அந்தக் காசில்தான் ஊர்ப் பந்தல் கம்பிகளும் நாற்காலிகளும் வந்தன. நான் வந்த புதிதில் ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். எர்தே தலைவர், அதாவது எங்கள் தெருக்குழுவின் தலைவர், சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார். குழாயில் காசு இல்லாத வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம், காலையில் போய்ப் பார்ப்போம், நீங்கள் மொத்தமாகக் கொடுத்தால் எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். அன்றிலிருந்து தினமும் போடுகிறேன், காவல் முறையும் என்னுடையது வந்தால் போகிறேன்.

கல்யாணம், பிரசவம், சாவு என்று எதற்கும் ஊரே வரும். பெண்கள் முன்னாளே வந்து சமைப்பார்கள், அதற்கு ரெவாங் என்று பெயர். கல்யாணத்துக்குப் போனால் மொய் உண்டு, நம் ஊர் மொய் நோட்டு மாதிரியே பெயர் எழுதி வைப்பார்கள், திருப்பிச் செய்ய வேண்டும். ஜாவா நாட்காட்டியின் பெசார் மாதத்தில் ஒரே வாரத்தில் ஐந்து வீடு வரும், கைக்காசு கரையும். அடுத்த மாதம் சூரோ, நம் ஆடி போல, கல்யாணமே கிடையாது, மூச்சு விடலாம். இறந்தவருக்கு ஏழாம் நாள், நாற்பதாம் நாள், நூறாம் நாள், ஆயிரமாவது நாள் என்று ஓதுவார்கள். நீங்கள் எந்த மதமானாலும் பாயில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, கொடுக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தால் போதும். வராமல் இருந்தால்தான் பேசுவார்கள்.

இந்தோனேசிய மொழி உங்களுக்கு வரும், மனைவியோடு பேசியிருப்பீர்கள். ஊரில் பேசுவது ஜாவா மொழி. அதில் பெரியவர்களிடம் பேசும் க்ராமா தனி, சமவயதினரிடம் பேசும் ங்கோகோ தனி. க்ராமா முழுதும் வராது, யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். "ங்கிஹ்" (ஆமாம்), "மொங்கோ" (வாருங்கள், தயவுசெய்து), "மாத்தூர் நுவுன்" (நன்றி) இந்த மூன்றும், மாமியாரின் முன்னால் குனிந்து கடந்து போவதும் வந்தால் பாதி ஊர் உங்கள் பக்கம். வயதான பாட்டியை ம்பாஹ் என்று கூப்பிடுங்கள், பெயர் சொல்லாதீர்கள்.

சங்கடங்களும் இருக்கின்றன. பிள்ளைகள் குறைந்து சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளை ஒன்றோடொன்று சேர்க்கிறார்கள். வட்டாரத்துக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு, நல்ல தாதிகள் இருக்கிறார்கள். நெஞ்சுவலி என்றால் வொனொகிரி டவுனுக்கோ சோலோ நகரத்துக்கோ வளைந்து வளைந்து மலைச்சாலையில் போக வேண்டும். மாமியாருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவருக்காகவே போகிறீர்கள் என்றால் இந்தத் தூரத்தை ஒரு இரவு நேரத்தில் வண்டியில் போய்ப் பாருங்கள். மின்சாரம், சாலை, இணையம் மூன்றும் நான் வந்த காலத்தை விட எவ்வளவோ மேல். 2015-இலிருந்து கிராமங்களுக்கு நேரடி நிதி வருவதால் சந்து பொந்தெல்லாம் சிமென்ட் பாதை ஆகிவிட்டது.

ஆக, உங்களுக்கு நான் சொல்வது இது. ஒட்டிய துண்டுக்கு இப்போது முன்பணம் கொடுக்காதீர்கள். வரும் செப்டம்பரில் ஒரு மாதம் லீவு போட்டு, இருவரும் போய் மாமியாரோடு அந்த மர வீட்டிலேயே இருங்கள். தொட்டியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்று குச்சி விட்டு அளந்து எழுதுங்கள். கிராம அலுவலகத்தில் லெட்டர் சி எண்ணையும், யார் யார் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவரின் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது, வாரிசுகள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எந்த ஊரில் என்று கேட்டு வாருங்கள். இவற்றை எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். செப்டம்பரில் நான் ஊரில்தான் இருப்பேன், பிராச்சிமந்தோரோ சந்தைக்கு வந்தால் சொல்லுங்கள், நானும் மனைவியும் வருகிறோம்.